"இந்த மேட்ச் முடியட்டும்": குழு விளையாட்டுகள் பிள்ளைகளை ஏன் பிடித்துவைக்கின்றன?

"இந்த மேட்ச் முடியட்டும்மா, வந்துடறேன்." வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இன்று நாள்தோறும் கேட்கும் சொற்கள் இவை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும், மேட்ச் முடியாது. முடிந்தாலும் அடுத்தது தொடங்கிவிடும். எங்கள் மனநலப் பிரிவுக்கு மகனை அழைத்துவரும் பெற்றோர் பலர் இந்தச் சொற்களிலிருந்தே தங்கள் துயரத்தைச் சொல்லத் தொடங்குகிறார்கள். "ஏனுங்க டாக்டர், பெத்தவங்களை விடவா அந்த வெளையாட்டு பெருசாப் போச்சு?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண, அந்த விளையாட்டு எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பப்ஜி என்று நம் பகுதியில் பொதுவாக அழைக்கப்படும் விளையாட்டில் ஒரே நேரத்தில் 100 பேர் வரை ஒரு கற்பனைத் தீவில் பாராசூட்டில் இறங்குகிறார்கள். கிடைக்கும் ஆயுதங்களைத் தேடி எடுத்துக்கொள்கிறார்கள். நேரம் செல்லச் செல்லப் பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும்; அதற்கு வெளியே தங்கிவிடுபவர் ஆட்டத்தை இழப்பார். இறுதிவரை எஞ்சி நிற்பவருக்கே வெற்றி. ஓர் ஆட்டம் ஏறத்தாழ அரை மணி நேரம் நீளும். ஃபிரீ ஃபயர் விளையாட்டில் 50 பேர். ஆட்டம் அதைவிடக் குறுகியது. தனியாகவும் ஆடலாம் என்றாலும், பிள்ளைகள் பெரிதும் விரும்புவது நால்வர் அணியாக ஆடுவதையே. நால்வரும் ஹெட்செட் வழியாக ஆட்டம் முழுவதும் பேசிக்கொண்டே இருப்பார்கள். ஒருவன் பள்ளிபாளையத்தில் இருப்பான், மற்றொருவன் குமாரபாளையத்தில், மூன்றாமவன் கோவையில், நான்காமவன் பெயர் மட்டும் தெரிந்த ஏதோ ஓர் ஊரில்.

இந்த நால்வர் அணியைப் பெற்றோர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். துப்பாக்கிச் சத்தமும் வண்ணப் படங்களும் பிள்ளையை ஈர்ப்பது சில நாள்களுக்குத்தான். அதற்குப் பிறகும் அவனை ஆண்டுக்கணக்கில் அங்கே இருத்திவைப்பவர்கள் அந்த மற்ற மூவர்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டபோது, இணையவழி வகுப்புக்காகப் பல வீடுகளில் முதன்முறையாகப் பிள்ளையின் கையில் ஒரு கைப்பேசி வந்தது. தெருவில் இறங்கி விளையாட முடியாத அந்த மாதங்களில் நண்பர்களைச் சந்திக்க எஞ்சியிருந்த ஒரே திடல் அந்தக் கற்பனைத் தீவுதான். அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது; அவற்றுள் பப்ஜியும் ஒன்று. 2021 ஜூலையில் அது பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்னும் புதிய பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டும் திரும்பியது. ஃபிரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டபோது, அதன் மற்றொரு வடிவமான ஃபிரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்து கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு தடையின்போதும் பெற்றோர் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர். நடந்ததோ வேறு. ஒரு விளையாட்டு மூடினால் அணி மொத்தமாக அடுத்த விளையாட்டுக்குக் குடிபெயர்ந்தது. செயலி போயிற்று, அணி கலையவில்லை.

நடுவில் நிறுத்த முடியாத ஆட்டம்

வீட்டில் தனியாக ஆடும் பழைய வீடியோ விளையாட்டுகளை எந்த நொடியிலும் நிறுத்திவைக்கலாம். சாப்பிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குழு விளையாட்டில் அந்த வசதி இல்லை. ஒருவன் கைப்பேசியைக் கீழே வைத்தாலும் தீவில் ஆட்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அவன் உருவம் அசையாமல் நிற்கும். எதிரி வந்து வீழ்த்துவான். அணி மூவராகக் குறையும். தோற்றால் நால்வரின் தரவரிசைப் புள்ளியும் சரியும். "நீ போனதாலதாண்டா தோத்தோம்" என்ற ஏச்சு காதுக்குள் விழும். நடுவில் விலகுவதைப் பழக்கமாகக் கொண்டவனை அடுத்த முறை அணியில் சேர்க்க மாட்டார்கள்.

கபடியில் பாடிச் சென்றவனை எதிரணியின் களத்தில் நிற்கும்போதே "வா, சாப்பிட" என்று யாரும் அழைப்பதில்லை. கோட்டுக்குத் திரும்பிவரும் வரை காத்திருப்போம். கைப்பேசித் திரையில் நடப்பது நமக்குப் புரியாததால், அந்தக் காத்திருப்பு அங்கே நமக்குத் தோன்றுவதில்லை. நாம் பார்ப்பது அடம்பிடிக்கும் மகனை. அவன் தன்னைக் காண்பதோ மூன்று பேரைக் களத்தில் கைவிட மறுக்கும் ஒருவனாக. பதினான்கு வயதில் தோழர்களின் மதிப்பைவிடப் பெரிய செல்வம் வேறில்லை. இதை உணர்ந்துகொண்டாலே வீட்டில் நிகழும் சண்டைகளில் பாதி குறையும் என்பது எங்கள் எண்ணம். எஞ்சிய பாதிக்குச் சற்று விரிவான விளக்கம் தேவை.

நம் ஊரில் தறி ஓட்டும் குடும்பத்தாருக்கு ஒன்று தெரியும்: பாவு தீர்ந்தால் தறி நின்றுதான் ஆக வேண்டும். அடுத்த பாவு ஏற்றும் வரை ஓய்வு. இந்த விளையாட்டுகளுக்குத் தீரும் பாவு கிடையாது. ஓர் ஆட்டம் முடிந்த மறுநொடியே அடுத்த ஆட்டத்துக்கான பொத்தான் திரையில் ஒளிரும். உலகின் ஏதோ ஒரு மூலையில் எப்போதும் எதிராளிகள் விழித்திருப்பதால், நள்ளிரவு 2 மணிக்கும் களம் நிரம்பியே இருக்கும்.

தொடங்கும் நாள்களில் பிள்ளை எளிதாக வென்றுவிடுவதற்கும் ஒரு காரணம் உண்டு. தொடக்க நிலை ஆட்டங்களில் எதிரே வரும் வீரர்களில் பலர் மனிதர்களே அல்லர். கணினி இயக்கும் உருவங்கள். சுடப்படுவதற்கென்றே ஓடிவருபவை. "நான் இதில் கெட்டிக்காரன்" என்ற நம்பிக்கை மூன்றே நாளில் பிறந்துவிடுகிறது. பள்ளியில் அந்த உணர்வைப் பெற்றிராத பிள்ளைக்கு அது எவ்வளவு இனிப்பாக இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பின்னர் உண்மையான எதிராளிகள் வருவார்கள், தோல்விகள் தொடங்கும். அதற்குள் தரவரிசை ஏணியில் வெண்கலம், வெள்ளி, தங்கம் எனச் சில படிகள் ஏறியிருப்பான். இனி இறங்க மனம் வராது. ஏணியின் உச்சிப் படியான கான்கரர் நிலை முதல் 500 பேருக்கு மட்டுமே. பருவம் ஒன்று முடிந்ததும் பெற்ற நிலையும் தானாகக் கீழிறக்கப்படும். மீண்டும் ஏற வேண்டும்.

மூளையில் என்ன நிகழ்கிறது?

1998-ஆம் ஆண்டில் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனை ஆய்வாளர்கள் எட்டு ஆண்களை, பீரங்கி வண்டி ஓட்டும் வீடியோ விளையாட்டு ஒன்றை ஆடச் செய்து, பெட் ஸ்கேன் வழியாக அவர்களின் மூளையை ஆராய்ந்தனர். ஆடும்போது மூளையின் ஆழப் பகுதியில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் கூடுதலாகச் சுரந்தது. நன்றாக ஆடியவர்களிடம் சுரப்பும் மிகுந்திருந்தது. 'நேச்சர்' இதழில் வெளியான இந்தச் சிறிய ஆய்வு, விளையாட்டின் ஈர்ப்புக்கு உடலில் ஓர் அடிப்படை உண்டு எனக் காட்டிய தொடக்க கால ஆய்வுகளுள் ஒன்று.

டோபமைனை 'மகிழ்ச்சி தரும் வேதிப்பொருள்' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அது முற்றிலும் சரியன்று. கிடைத்ததை நுகரும் இன்பத்தைக் காட்டிலும், 'அடுத்து கிடைக்கப்போகிறது' என்ற எதிர்பார்ப்போடும் வேட்கையோடும்தான் அதற்கு நெருக்கம் அதிகம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்கே அந்த எதிர்பார்ப்பு மிகக் கூர்மையாகும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் புறாக்களைக் கொண்டு இதை விளக்கிக் காட்டினார். ஒவ்வொரு கொத்தலுக்கும் தானியம் விழுந்தால் புறா பசியாறியதும் ஓய்ந்துவிடும். எத்தனையாவது கொத்தலில் விழும் என்று தெரியாதபடி செய்தால் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும். விளையாட்டில் திறக்கப்படும் பரிசுப் பெட்டிகள் இந்த விதியின்படியே அமைந்தவை. உள்ளே அரிய உடை இருக்கலாம், ஒன்றுக்கும் உதவாத பொருளும் இருக்கலாம். பணம் கட்டித் திறக்கும் இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்தை மீறுவதாக 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் அறிவித்தது.

வளரிளம் பருவத்தில் மூளையின் வேட்கைப் பகுதி முழு வேகத்தில் இயங்கும். அதற்குக் கடிவாளமிடும் முன்மூளைப் பகுதியோ இருபது வயதைக் கடந்த பிறகுதான் முழு முதிர்ச்சி அடைகிறது. எனவே "அறிவு வேண்டாமா உனக்கு?" என்று கேட்பதில் பயன் சிறிது. அறிவு இருக்கிறது, கடிவாளம் இன்னும் கட்டி முடியவில்லை.

எது பழக்கம், எது நோய்?

விளையாடும் பிள்ளைகள் அனைவரும் நோயாளிகள் அல்லர். விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் ஆடிவிட்டு, மறுநாள் பள்ளிக்குச் சென்று, இரவில் உறங்கி, திருவிழாவில் பங்காளிகளோடு சுற்றும் பிள்ளைக்கு மருத்துவரிடம் வேலை இல்லை. நேரக் கணக்கை மட்டும் வைத்து நாங்கள் நோய் என்று முடிவு செய்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் 'விளையாட்டுச் சீர்கேடு' என்பதை ஒரு நோய்நிலையாகச் சேர்த்தது. 2019 மே மாதத்தில் ஏற்கப்பட்ட இப்பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அது பார்க்கச் சொல்வது மூன்றை: தொடங்குவதிலும் நிறுத்துவதிலும் தன் கட்டுப்பாட்டை இழந்திருக்கிறானா, படிப்பு, உணவு, உறவு என அனைத்துக்கும் மேலாக விளையாட்டே முதலிடம் பிடித்துவிட்டதா, கெடுதல் விளைவதைக் கண்ணால் கண்ட பின்னும் தொடர்கிறானா. இந்நிலை பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்து, வாழ்க்கையைக் கணிசமாகக் குலைத்திருக்க வேண்டும். மிகக் கடுமையாக இருந்தால் 12 மாதம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இப்படி நோய்ப் பெயர் சூட்டுவது சரியா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2017-இல் ஆய்வாளர்கள் பலர் கூட்டாகக் கட்டுரை எழுதி எதிர்த்தனர். இயல்பாக விளையாடும் பிள்ளைகளும் நோயாளிகளாக முத்திரை குத்தப்படுவர் என்பது அவர்களின் அச்சம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் இதை 'மேலும் ஆராயப்பட வேண்டியது' என்ற பட்டியலில் வைத்தது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்நோய்நிலை உள்ளோர் நூற்றுக்கு இருவர் அல்லது மூவர் என்ற அளவில் தெரியவந்தது. முத்திரை குத்தும் ஆவல் எங்களுக்கும் இல்லை. ஆயினும் இரவெல்லாம் விழித்து, இரு மாதமாகப் பள்ளிக்குச் செல்லாமல், குளிக்காமல் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண் முன் வைத்துக்கொண்டு, பெயரைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்க நேரமும் இல்லை.

யாருக்கு இது பழக்க எல்லையைத் தாண்டுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் விளையாட்டுக்கு முன்னரே ஏதோ ஒரு குறை இருந்திருக்கும். கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறையில் பத்து நிமிடம் அமர்வது தண்டனை. நொடிக்கு நொடி மாறும் ஆட்டம் அவர்களை எளிதில் பற்றிக்கொள்ளும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை, வகுப்பில் கேலி செய்யப்படும் பிள்ளை, கூச்சத்தால் யாரோடும் பேசாத பிள்ளை, அப்பாவின் குடியால் வீட்டில் இருக்க அஞ்சும் பிள்ளை ஆகியோருக்கும் அந்தத் தீவு ஒரு புகலிடம். மனச்சோர்வு சிலருக்கு முன்னரே இருக்கும், சிலருக்குப் பின்னர் வரும். இவற்றைக் கண்டறியாமல் கைப்பேசியை மட்டும் பிடுங்குவது, காய்ச்சலின் காரணத்தைத் தேடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவதற்கு ஒப்பாகும்.

பையன்களைப் பற்றியே பேசிவந்தோம். பெண் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். வீட்டார் கண்டித்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் மறைத்து ஆடுவதால் தாமதமாகத்தான் தெரியவருகிறது. இருபத்தைந்து வயதுக் கணவரை அழைத்துவரும் மனைவியரும் உண்டு. அங்கே தறி ஓட்டத்திலும் கூலியிலும் விழும் ஓட்டையே முதலில் கண்ணுக்குப் படுகிறது.

உறக்கமும் பணமும்

உடலுக்கு நேரும் கெடுதலில் முதன்மையானது உறக்க இழப்பு. வளரிளம் பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. இப்பருவத்தில் உடலின் கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பின்னுக்குத் தள்ளிப்போகும். இரவு 11 மணிக்கு முன் உறக்கம் வராது. அந்த நேரத்தில் ஒளிரும் திரையும் போர்க்களப் பரபரப்பும் சேர்ந்தால் அது விடியற்காலை வரை நகர்ந்துவிடும். எரிச்சல், மறதி, மதிப்பெண் சரிவு, காலையில் எழ மறுத்தல் என விளையாட்டின் மீது நாம் சுமத்தும் பழிகளில் பல உண்மையில் உறக்கமின்மையின் விளைவுகளே. வலிப்பு நோய் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதில் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். உறக்கம் கெட்டால் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலும் வலிப்பு வரக்கூடும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. விசைத்தறிக் கூடங்களிலும் சாயப்பட்டறைகளிலும் சைசிங் ஆலைகளிலும் அப்பாவும் அம்மாவும் இரவு ஷிப்டுக்குச் சென்றுவிட்டால், வீட்டில் இருப்பவர் வயதான அப்பத்தாவோ அமுச்சியோ மட்டுமே. "பையன் போர்வைக்குள்ள படுத்துத்தான் இருந்தான்" என்று அவர் சொல்வது உண்மைதான். போர்வைக்குள் திரை ஒளிர்வது அவருக்குத் தெரியாது. தறிச் சத்தத்தில் வேலை செய்துவிட்டு வரும் பெற்றோருக்கு, பக்கத்து அறையில் நள்ளிரவில் மகன் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதும் காதில் விழுவதில்லை.

பணத்தைப் பற்றி ஒரு தெளிவு தேவை. விளையாட்டைத் தரவிறக்க ஒரு ரூபாயும் செலவில்லை. உடை, துப்பாக்கி வண்ணம், பருவச் சீட்டு ஆகியவற்றை விற்றே நிறுவனம் பொருளீட்டுகிறது. அப்பாவின் கைப்பேசியில் யூ.பி.ஐ. கடவெண் தெரிந்தால் போதும். வாரக் கூலி கணக்கில் ஏறிய இரவே கரைந்துவிடலாம். பேட்டில்கிரவுண்ட்ஸ் விளையாட்டில் 18 வயதுக்குக் குறைந்தோருக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் எனவும் செலவுக்கு 7,000 ரூபாய் எனவும் வரம்பு அறிவிக்கப்பட்டது. அந்த 7,000 பலருக்கு ஒரு வாரக் கூலியைவிட மிகுதி என்பது ஒருபுறமிருக்க, வயதைக் கூட்டிப் பதிந்தாலோ வீட்டுப் பெரியவர் எண்ணில் நுழைந்தாலோ வரம்பு பொருளற்றுப்போகிறது. தமிழ்நாடு சட்டப்பேரவை 2022-இல் நிறைவேற்றிய சட்டமும், நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டமும் முதன்மையாகக் குறிவைப்பவை பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை. "சட்டம்தான் வந்துடுச்சுங்களே" என்று பெற்றோர் இருந்துவிட வேண்டாம். பப்ஜி வகை விளையாட்டுகள் அந்தத் தடைக்குள் வாரா. சீனாவில் 2021 முதல் சிறுவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே அனுமதி. தென்கொரியா 2011-இல் நள்ளிரவுத் தடை கொண்டுவந்து, பத்தாண்டு நடத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்டது.

வீட்டில் செய்யக்கூடியவை

ஆட்டத்தின் நடுவில் கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், உடைக்காதீர்கள். அந்த நொடியில் அவன் உடலும் மனமும் சண்டைக்கான முறுக்கத்தில் இருக்கும். கை நீட்டும் பிள்ளைகளில் பலர் நீட்டுவது அப்போதுதான். மணிக் கணக்கில் பேசாமல் ஆட்டக் கணக்கில் பேசுங்கள். "எட்டு மணிக்கு நிறுத்து" என்பதைவிட "இரண்டு ஆட்டம், பிறகு சாப்பாடு" என்பது நடைமுறைக்கு ஏற்றது. நடுவில் கைவிடும் இக்கட்டு அவனுக்கு நேராது. மூன்றாவது ஆட்டத்தைத் தொடங்கும் முன் அருகில் சென்று நில்லுங்கள். அடுத்த அறையிலிருந்து கத்துவதால் ஆவதொன்றுமில்லை.

அவனது அணியில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். குற்றப்பத்திரிகை வாசிக்கும் குரலில் வேண்டாம். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். பள்ளித் தோழர் மூவரோடு ஆடுபவனையும், முகம் தெரியாத பெரியவர்களோடு இரவில் ஆடுபவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. பின்னவனுக்குப் பண ஏமாற்றும் வேறு தீங்குகளும் நேரக்கூடும். அணியினர் உள்ளூர்ப் பிள்ளைகளாக இருந்தால் ஒரு நல்ல வழியும் திறக்கிறது: அந்த நான்கு வீட்டுப் பெற்றோரும் கலந்து பேசி, இரவு 10 மணிக்கு நான்கு வீட்டிலும் ஆட்டம் முடியும் என்று முடிவு செய்யலாம். தனியொருவனாக விலகுவதே அவனுக்குக் கடினம். நால்வரும் சேர்ந்து விலகினால் யாருக்கும் இழுக்கில்லை.

முதலில் மீட்க வேண்டியது உறக்கத்தை. விளையாட்டை அடியோடு நிறுத்துவது அதற்கு அடுத்த கேள்விதான். பலருக்கு அது தேவைப்படுவதும் இல்லை. இரவில் கைப்பேசியும் சார்ஜரும் படுக்கும் அறைக்கு வெளியே இருக்க வேண்டும். இவ்விதி பெற்றோருக்கும் சேர்த்துத்தான்; அப்பா படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு மகனுக்குச் சொல்லும் விதி நிற்காது. இரவு ஷிப்டுக்குச் செல்லும் வீட்டில், பிள்ளையின் கைப்பேசியைத் தூக்குச்சட்டியோடு பையில் எடுத்துச் சென்றுவிட்டு, அவசரத்துக்கு அப்பத்தாவிடம் ஒரு பட்டன் போனை விட்டுச் செல்லலாம். காலையில் எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாற்றாதீர்கள்.

பிறகு, எடுத்ததற்கு ஈடாக ஒன்றைத் தர வேண்டும். தனிப்பாடமும் இந்தி வகுப்பும் ஈடாகா. விளையாட்டு அவனுக்குக் கொடுத்தது ஓர் அணியும், அதில் தனக்கென ஓர் இடமும், கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றமும். கபடி, வாலிபால், சிலம்பம், ஊர்ப் பண்டிகையில் பறை அல்லது ஒயிலாட்டக் குழு என எதுவானாலும் இம்மூன்றும் இருந்தால் பிடிக்கும். முதல் இரு வாரம் சலிப்போடுதான் செல்வான். எரிச்சல், பதற்றம், எதிலும் நாட்டமின்மை ஆகியவை விளையாட்டைக் குறைத்ததும் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை இருப்பது இயல்பு. அந்த நாள்களில் பெற்றோர் மனம் தளர்ந்து கைப்பேசியை முழுமையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால், கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்வான்.

இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட தனி மாத்திரை எதுவும் இல்லை. நாங்கள் மருந்து எழுதினால் அது உடனிருக்கும் மனச்சோர்வுக்கோ கவனக் குறைபாட்டுக்கோ பதற்றத்துக்கோதான். சிகிச்சையின் நடுப்பகுதி பேச்சுதான்: எந்தெந்த வேளையில், எந்த மனநிலையில் கை தானாகத் திரையை நாடுகிறது என்பதைப் பிள்ளையே கண்டறியச் செய்து, அந்த வேளைக்கு வேறு வழி பழக்குவது. குடும்பத்தாருடனும் சேர்ந்து அமர்கிறோம். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கெனவே 2014-இல் ஒரு தனி மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கும் அடிப்படை இதுவே.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. "போனைக் கொடுக்கலேன்னா செத்துப்போவேன்" என்று பிள்ளை சொன்னால், மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள். பதிலுக்குச் சவாலும் விடாதீர்கள். அன்றே அழைத்துவாருங்கள். தனியே விடாதீர்கள். வீட்டில் சாணிப்பவுடர், பூச்சிமருந்து, மிஞ்சிய மாத்திரைகள் இருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். கைகலப்பு, பண்டம் உடைத்தல், வீட்டைவிட்டு வெளியேறுதல், ஓரிரு வாரங்களுக்கு மேல் பள்ளி செல்ல மறுத்தல், கணக்கிலிருந்து பெருந்தொகை எடுத்தல் ஆகியவையும் அவ்வாறே. நள்ளிரவாக இருந்தால் 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணைத் தமிழிலேயே அழைத்துப் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும், நாமக்கல், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலத் துறைகளிலும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

முதல் முறை வரும்போது, கடந்த இரு வாரங்களில் பிள்ளை உறங்கிய, எழுந்த நேரங்களை ஒரு தாளில் குறித்து வாருங்கள். இரண்டு ஆண்டு மதிப்பெண் அட்டைகளையும், பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் எடுத்துவாருங்கள். கைப்பேசியில் திரை நேரக் கணக்கு இருக்கும். அதைப் பிள்ளைக்குத் தெரியாமல் படமெடுத்து வர வேண்டாம், அவனே காட்டட்டும். "வயிற்று வலிக்குப் பார்க்கப் போகிறோம்" என்று பொய் சொல்லியும் அழைத்துவராதீர்கள். "உன் தூக்கம் கெட்டுப்போயிருக்கிறது, அதைப் பற்றிப் பேசலாம்" என்று சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள், ஏனெனில் அது அவர்களுக்கும் தெரிந்த உண்மை. முதலில் அவனோடு தனியாகவே பேசுவோம்; பெற்றோர் சற்று நேரம் வெளியே அமர்ந்திருக்க வேண்டியிருக்கும். நாங்கள் அவனிடம் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த நிலையில் ஆடுகிறான், அணியில் அவன் பங்கு என்ன என்பதைத்தான். மதிப்பெண்ணைப் பற்றி அதற்கு வெகுநேரம் கழித்தே கேட்போம்.